அவரவர் மூன்று விரல்

ஜூன் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதே. பிரித்தால்தானே இந்த வரியே கண்ணில் படும் என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது. சரி, பிரித்துவிட்டாய். இனி முழுக்கப் படித்துவிடு.

உன் அண்ணன் தூங்குவதில்லை. நாலு மாதமாகிறது. படுக்கிறார், புரள்கிறார், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார், மறுபடி வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். போன மாதம் துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருந்தபோது ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூக்கிய பெட்டி நடுவானில் கொஞ்ச நேரம் சும்மா தொங்கியது, அவ்வளவுதான். வேறு ஆளாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பார். இவர் தானே இறங்கிப் போய் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். இப்போது கேட்டில் உட்கார வைத்து லாரி நம்பர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை இருபதாம் தேதி கம்பெனி டாக்டர் பார்ப்பார். தூக்கம் சரியாகவில்லை என்றால் கிரேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். மாத்திரை போட்டால் தூங்கலாம், ஆனால் அந்த மாத்திரை போடுகிறவரை மேலே ஏற விடமாட்டார்கள். பதினெட்டு வருஷம் ஏறிய கிரேன். கேட்டில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்க்கிறார் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார்.

நீ படித்த அழுத்தச் சிகிச்சையில் தூக்கத்துக்கு வழி உண்டாமே. உன்னைக் கேட்கிறேன் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். உன் வகுப்பு தொடங்கிய வாரம், நான் அடுப்படியிலிருந்து வெளியே வரும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆபீஸ் வேலைய விட்டுட்டு நாலு பேரு கைய அமுக்குற பொழப்பா? ஊரை ஏமாத்த ரெண்டு வருஷப் படிப்பு வேறயா?” நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். நானும் மரம் மாதிரி நின்றேன். அது என் தப்பு. இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது, இன்னும் நான் அதை மறக்கவில்லை.

நீ வழியை மட்டும் எழுதி அனுப்பு. பத்திரிகையில் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். போனில் பேச முடியாது, நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்கே தெரியும். பதிலை என் பள்ளிக்கூட ஆபீஸ் முகவரிக்கு அனுப்பு.

கெஞ்சிக் கேட்கும்,
அண்ணி

*

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன். என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அவனுக்காக இல்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு நீங்களும் தூங்காமல் கிடப்பீர்களே, அதற்காக.

டாக்டர் சொல்வதை எதையும் நிறுத்தக் கூடாது. இது மாயமந்திரம் இல்லை. மனசு அடங்க ஒரு வழி, மனசு அடங்கினால் தூக்கம் தானாக வரும். எனக்குச் சொல்லிக்கொடுத்த சீன வைத்திய டாக்டரம்மா அப்படித்தான் சொல்வார்.

உள்ளங்கையும் மணிக்கட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதில் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் சின்னப் பள்ளம் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலால் ஒரு நிமிஷம் அழுத்துங்கள். அடுத்து, அந்தக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, நடுவில் ஓடும் இரண்டு நரம்புக்கும் இடையில். மூன்றாவது, புருவங்களுக்கு நடுவில், சும்மா பூ வைக்கிற மாதிரி. கடைசியாக உள்ளங்கால். விரல்களை மடக்கச் சொன்னால் பாதத்தின் முன்பக்கத்தில் ஒரு குழி விழும், அங்கே. மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். வலிக்கிற மாதிரி அமுக்க வேண்டாம். அவன் மேல் உள்ள கோபத்தையெல்லாம் கட்டைவிரலில் காட்டிவிடாதீர்கள், அந்தக் கோபம் என்னுடையது.

என் சிகிச்சை அறை ஒரு தையல் கடை மாடியில் இருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு திரை, ஒரு கெட்டில். கீழே ஓடும் மெஷின் சத்தத்திலேயே பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள், பேர் எனக்கு.

உங்கள்,
நாத்தனார்

*

ஜூன் 13

என் செல்ல நாத்தனாருக்கு,

உன் வைத்தியம் அபாரம். முதல் நாளே அப்படி ஒரு தூக்கம். தூங்கியது நான்.

நடந்தது இதுதான். அவரைச் சாய்ந்து உட்காரச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்தேன். “மூச்சை மெதுவா விடுங்க” என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி நானும் விட்டேன். அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தால் விடிந்திருக்கிறது. மேலே போர்வை, தலைக்கடியில் அவருடைய தலையணை. இவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

“உனக்கு நல்லா வேலை செய்யுது. எனக்கு எப்ப?” என்கிறார்.

மறுநாள் உள்ளங்கால். இந்த ஆளுக்கு இவ்வளவு கூச்சம் என்று கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக எனக்குத் தெரியாது. தொட்டதும் எட்டி உதைத்தார், சிரித்தார், கட்டிலே ஆடியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். இவர் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிறது. நாலு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். தூக்கம் வராவிட்டாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

ஆனால் ஜூலை இருபது இருக்கிறதே. ஐந்து நாளாகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் தாண்டவில்லை. மூன்று விரல் தள்ளி என்றாயே, அங்கே அமுக்கினால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். கோட்டின் மேல் என் மூன்று விரலையும் ஒட்டி வைத்து, பென்சிலால் புள்ளிகூட வைத்தேன். அந்தப் புள்ளியோடேயே கேட்டுக்குப் போய் லாரி நம்பர் எழுதிவிட்டு வந்தார்.

என்ன தப்புச் செய்கிறேன், சொல்லு.

அன்புடன்,
உன் அண்ணி

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், கட்டிலில் படுத்திருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தப்பு கண்டுபிடித்துவிட்டேன். யார் விரலை வைத்து அளந்தீர்கள்? டைப் அடித்து அடித்துப் பென்சில் மாதிரி இருக்கும் உங்கள் விரலையா? உங்கள் மூன்று விரல் அண்ணனுக்கு இரண்டு விரல்கூட வராது. எங்கள் முறையில் அளவுகோல் கிடையாது. யாருடைய கையோ, அவருடைய விரல்தான் அளவு. குழந்தைக்குக் குழந்தையின் விரல், பயில்வானுக்குப் பயில்வானின் விரல். வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். உங்களுக்கு எழுத மறந்தது என் தப்பு.

அவனுடைய வலது கை மூன்று விரலை அவனே இடது மணிக்கட்டில் வைக்கட்டும். விரல் முடியும் இடத்தில், நரம்புகளுக்கு நடுவே நீங்கள் அழுத்துங்கள். பல் கூசுகிற மாதிரி லேசாக ஒரு உணர்வு வந்தால் அதுதான் இடம்.

துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை மட்டும் இன்னொரு தரம் எழுதுங்கள். வேறு ஒன்றுக்கும் இல்லை, சும்மா.

உங்கள்,
நாத்தனார்

*

ஜூன் 25

என் செல்லத்துக்கு,

தூங்கினார். ஐந்து மணி நேரம். நான் பக்கத்தில் முழித்துக் கிடந்து எண்ணினேன், பொய் இல்லை.

“உங்க விரலையே வைக்கணுமாம்” என்றேன். வைத்தார். வைத்த விரலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் அந்தப் பத்திரிகையிலதான் போட்டிருக்கா?”

“ஆமா.”

“நல்ல பத்திரிகை” என்றார். அதன் பிறகு தினமும் அதேபோல்தான், ஒரு நாள் நாலு மணி நேரம், ஒரு நாள் ஆறு. காலையில் முகமே வேறு. நேற்று பல் தேய்க்கும்போது பாடுகிறார். குரல் மட்டும் பழைய குரல்தான், சகிக்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். அந்தப் பத்திரிகைக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். “நீயே தபால்ல சேத்துடு, விலாசம் உனக்குத்தான் தெரியும்” என்று என் கையில் கொடுத்துவிட்டார். கவரை ஒட்டவில்லை. நான் படித்துவிட்டேன். பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன், தலைமையாசிரியர் வந்து என்ன என்று கேட்டார். தூசி என்றேன். நான் வேறு எங்கே அனுப்ப? இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணி

[உடன் வைத்தது]

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். தற்சமயம் கேட்டில் இருக்கிறேன். தங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பைப் படித்து என் மனைவி செய்த சிகிச்சையில் எனக்குத் தூக்கம் வருகிறது. மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். என் தங்கையும் இந்தத் தொழில்தான் செய்கிறாள். இது ஏமாற்று வேலை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். இந்த வருஷம் அவள் சிகிச்சை அறை திறந்தபோது எனக்கு அழைப்பு வரவில்லை. வராதது நியாயம். அந்த வாரத்திலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

கிரேனில் ஒரு பெட்டியை இடம் மாற்றி இறக்கிவிட்டால், திரும்பத் தூக்கிச் சரியான இடத்தில் வைத்துவிடலாம். வாயிலிருந்து இறக்கிவிட்ட வார்த்தையைத் திரும்பத் தூக்க என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் பத்திரிகையில் அதற்கு ஏதாவது குறிப்பு இருந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று நாள் பதில் எழுதக் கை வரவில்லை. என் மணிக்கட்டை நானே அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது கொஞ்சம்கூட வேலை செய்யவில்லை.

அழைப்பிதழில் முதலில் எழுதியது அவன் பேர்தான். கவரில் போட்டு ஒட்டியும் வைத்தேன். தபாலில் சேர்க்கவில்லை. இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. இதை அவனிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

கீழே உள்ளதைக் கத்தரித்துப் பத்திரிகை அனுப்பிய பதில் என்று கொடுத்துவிடுங்கள். கையெழுத்துத் தெரியாமல் இருக்க, தையல் கடைக்காரரை எழுதச் சொன்னேன். அவர் எழுத்தும் தையல் மாதிரியே நெருக்கமாக இருக்கிறது.

உங்கள்,
நாத்தனார்

[கத்தரிக்க வேண்டியது]

அன்புள்ள வாசகருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டிருக்கும் நோய்க்குத் தபாலில் வைத்தியம் இல்லை. நேரில் வர வேண்டும். எங்கள் பத்திரிகைக்காக ஒரு பெண் சிகிச்சை செய்கிறார். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. விலாசம் பின்பக்கம். மாடிப்படி பதினான்கு. சாப்பிடாமல் வரவும்.

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் நேற்று வந்தார்.

மூன்று மணிக்கு வரச் சொன்னால் இரண்டரைக்கே வந்து கீழே நின்றிருக்கிறான். தையல் கடைக்காரர், அளவு கொடுக்க வந்தவன் என்று நினைத்து டேப்பை எடுத்து மார்பை அளந்துவிட்டாராம். இவனும் கையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நின்றானாம். அப்புறம் மேலே வந்தான். அவ்வளவு உயர கிரேனில் ஏறுகிறவனுக்கு என் பதினான்கு படியில் மூச்சு வாங்கியது.

வாசலில் நின்று, “டோக்கன் எடுக்கணுமா?” என்றான்.

“செருப்பை வெளிய விட்டா போதும்” என்றேன்.

சாப்பாடு கட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு நான் பாதியில் எழுந்த சாப்பாடு இன்னும் முடியவில்லை இல்லையா. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியில் டிராயரிலிருந்து அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் படித்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “தப்பா பேசிட்டேன், தீப்பெட்டி” என்றான்.

சின்ன வயதில் நான் சட்டென்று பற்றிக்கொள்வேன் என்று அவன் வைத்த பேர். அப்புறம் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும், சொல்லுங்கள். அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன்.

படுக்கச் சொல்லிக் கையைப் பிடித்தேன். நான் சொல்லாமலே மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தான். “வகுப்புக்குப் போன முதல் வாரம் வந்து என் கையிலதான அளந்து பாத்த. ‘உன் விரல வை, என் விரல் செல்லாது’ன்னு சொன்ன. அதுக்குத்தான் நான் அப்படிப் பேசினேன். உங்க அண்ணி விரல வைக்கச் சொன்னதுமே, பத்திரிகை யாருன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப அந்தக் கடிதம்?”

“உனக்குத்தான். நேரா எழுத தைரியம் இல்ல. உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத, பாவம், ரொம்ப சாமர்த்தியமா பண்றதா நெனச்சுட்டு இருக்கா.”

சொல்லிவிட்டேன். என் வயிற்றில் எது தங்கியிருக்கிறது.

அடுத்த இடத்துக்குப் போவதற்குள் தூங்கிவிட்டான். குறட்டைச் சத்தத்தில் மெஷினை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்காரர் மேலே ஏறி வந்து பார்த்தார். மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு டீச்சர், “எழுப்பாதீங்க, பாக்கவே நல்லா இருக்கு” என்றார். ஆறு மணி வரை தூங்கினான். அதுவரை அவன் கையை நான் விடவில்லை.

உங்கள்,
தீப்பெட்டி

*

ஜூலை 22

என் தீப்பெட்டிக்கு,

முந்தாநாள் டாக்டர் பார்த்தார். அதற்கு முன்பே ஏதேதோ கருவியைக் கையில் மாட்டிவிட்டு இரண்டு இரவு தூங்க வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று காலை இவர் மேலே ஏறினார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துறைமுக வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். முதல் பெட்டியைத் தூக்கினார், நகர்த்தினார், கப்பலில் இறக்கினார். ஒரு ஆட்டம் அசைவு இல்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் “அது எங்க வீட்டுக்காரர்” என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் சாமர்த்தியத்தைப் பற்றி அவர் சொன்னதைப் படித்தேன். பாவமாம், நான். இருக்கட்டும். எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. தினமும் சாப்பிட்டுக் கை கழுவியதும், “பத்திரிகை வந்துச்சா?” என்கிறார். “வந்துச்சு, புதுசா ஒண்ணும் போடல” என்கிறேன். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மூன்று விரலை அவரே வைத்துக்கொள்கிறார்.

இன்று காலை செருப்பைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை அந்தப் பத்திரிகைக்காரங்கள சாப்பிட வரச் சொல்லு. இந்தத் தடவ பாதியில எந்திரிக்க விடமாட்டேன்.”

ஒரு மணிக்குள் வந்துவிடு.

உன்,
அண்ணி