பீரோவில் பூட்டிய கால்

திருத்தணி
24-7-79

அன்புள்ள இளங்கோவனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். பிலாயில் நீயும் வசந்தியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் நைனா நலமா என்றால், இடுப்புக்கு மேலே ஒரு குறையுமில்லை. முழங்காலைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்னையில் பொருத்திய செயற்கைக் காலோடு அவர் கடைத்தெரு வரை போய் வருகிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லாமல் நடையைக் கூட்டிவிட்டார். ரயில்வே ஷண்டிங் வேலையில் வண்டி காலில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, முழங்கால் தப்பினால் ஆடிக் கிருத்திகைக்குள் முந்நூற்றறுபத்தைந்து படியும் ஏறி வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். கீழேயோடு எடுத்தார்கள், முழங்கால் தப்பியது. டாக்டர் காப்பாற்றினார் என்று நாம்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம். போன வியாழன் துவைக்கும்போது, வெட்டின இடத்துக்குப் போடும் பருத்தி உறையில் ரத்தக்கறை பார்த்தேன். கேட்டதற்கு வெற்றிலைக் கறை என்றார். காலால் வெற்றிலை போடுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவிழ்த்துப் பார்த்தால் எட்டணா அகலத்துக்குப் புண். டாக்டர் பாலசுப்பிரமணியன், ஒரு மாதம் அந்தக் காலை மாட்டக் கூடாது, புண் எலும்புக்கு இறங்கினால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆங் டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்த மனிதர், மறுநாள் காலையில் அந்தக் காலின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். முழங்காலைக் கொடுத்த சாமிக்கு நன்றி சொல்ல அதே முழங்காலைக் கொடுத்துவிடத் தயாராகிவிட்டார். நான் காலைக் கழற்ற வைத்து, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டேன். எதிர்வீட்டு வரலட்சுமி, வெள்ளியில ஒரு கால் வாங்கி உண்டியல்ல போட்டுடுங்கம்மா, வேண்டுதல் முடிஞ்சுபோவும் என்றாள். தண்டவாளத்துக்கு நிஜக் கால் குடுத்தவன் சாமிக்கு பொம்மைக் காலா குடுப்பேன் என்று இவர் உள்ளேயிருந்து கத்தினார். மலைமேல் பஸ் போகிறதே என்றேன். படியேறி வர்றேன்னுதான் சொன்னேன், டிக்கெட் வாங்கிகினு வர்றேன்னு சொல்லலை என்றார். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆளைக் காணோம், ஊன்றுகோலையும் காணோம். ஜட்கா வண்டிக்காரன் கண்ணையன், நான்தாம்மா அய்யாவை படிகிட்ட எறக்கிவுட்டேன், உங்களுக்குத் தெரியாதா என்கிறான். ஓடினேன். நாற்பத்தோராவது படியில், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிப் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறார். சித்தூர்ப் பக்கத்துக் கூட்டம் ஒன்று இது ஏதோ கடுமையான விரதம் என்று வழிவிட்டுக் கும்பிடுகிறது. அதில் ஒரு அம்மாள் தன் புருஷனையும் உட்காரச் சொல்லித் தெலுங்கில் அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், நீ பூட்டுனது காலைத்தான, என்னை இல்லையே என்றார். புண்ணின் கட்டுத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இறங்காமல் நான் இறங்கமாட்டேன் என்று அதே படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாழும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். கடைசியில் அவர்தான் மெதுவாக, கோமளா, ரெண்டு நாளா வலி தொடைக்கு ஏறுது, இந்த முழங்கால் போறதுக்குள்ள சொன்னதைச் செஞ்சுடலாம்னு பார்த்தேன் என்றார். பிறகுதான் இறங்கினோம்.

இன்று டாக்டர் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை வண்டியில் அழைத்துப் போய்ச் சேர்க்கிறேன். ஒரு வாரம் ஊசி போட்டுப் பார்ப்பார்களாம். அடங்காவிட்டால் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை முழங்காலுக்கு மேலே எடுப்பார்கள். போன தடவை சம்மதக் கையெழுத்து நான் ஒருத்தியே போட்டேன். லீவு இல்லை என்று நீ தந்தி கொடுத்தாய், நானும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை தனியாகப் போட என்னால் ஆகாது.

உனக்கும் வசந்திக்கும் முருகன் துணை இருக்கட்டும், குழந்தை நூறு வயது நன்றாக நடமாடட்டும். மூன்றாம் தேதியை மறக்காதே. தந்தி வேண்டாம், நீ வா.

இப்படிக்கு
உன் அம்மா
கோமளவல்லி