லாபம் என்றால் ஒன்று

14 ஜூன் 1956, வியாழன். காஜா பெராங்.

ஊர்க்காவல் சாவடியில் ரகசியச் சொல்லுக்குப் பதிலாகக் கணக்கு வைத்தது நான்தான். காவலர் சொல்லும் எண்ணில் ஆறைக் கழித்துச் சொன்னால் நம் ஆள். அந்த ஆறு வெளியே தெரியக்கூடாது.

இன்று மாலை காவலுக்கு நின்ற மாரியப்பன், அரிசிக்கடை செல்லையாவிடம் "ஏழு" என்றான். அவர் "லாபம்" என்றார். முதல் படியை லாபம் என்றே அளந்து பழகியவர். ஒன்று என்று வாயில் வராது.

"ஏழுல ஆறு போனா ஒன்னுதானே அண்ணே? லாபம்னா எப்படி விடுறது?" வரிசை முழுக்கக் கேட்டது.

அடுத்து நின்றவன் யாரென்றே தெரியாது. "ஒன்பது" என்றதும் "மூணு" என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

மாரியப்பனைச் சத்தம் போட்டேன். "அவரு சரியாத்தானே சார் சொன்னாரு?" என்கிறான்.

அவன் வீட்டுக்கு அரிசி அளந்து போடுகிற செல்லையா அப்போதும் வெளியில்தான் நின்றார்.