ஆறு மடிப்புக் கண்ணாடிக் கதவு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வராந்தாக் கதவைத் துடைத்தேன். ஆறு மடிப்பு, உள்ளும் புறமும் பன்னிரண்டு முகம். அமன்சிம்டோட்டியில் கடலைப் பார்த்து வீடு கட்டியவனுக்கு இதுதான் தண்டனை: இரண்டு நாளில் உப்பு படிந்து கண்ணாடி மோர் மாதிரி ஆகிவிடுகிறது. வெந்நீர், கொஞ்சம் வினிகர், பழைய செய்தித்தாள். தாளில் கூமெடேயின் படம் இருந்தது. பள்ளி ஆண்டு விழா, தலைமையாசிரியர் உரை. அந்தப் பக்கத்தால்தான் கடைசிக் கண்ணாடியைத் தேய்த்தேன். நன்றாகவே பளபளத்தது.

அவன் மரவேலை வாத்தியார். கணிதத்தில் இரண்டு பட்டம் வாங்கியவன் நான். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் அவனை உட்காரவைத்து ஒன்பது வருடம். அன்றே வேலையை விட்டேன். அன்றிலிருந்து அவனோடு ஒரு சொல் கிடையாது.

சக்கரம் ஓடும் கீழ்த்தடம் முனகியது. கார் எண்ணெய் ஊற்றினேன். தாராளமாக.

ஆகஸ்ட் 5

ஒரே விரலால் ஆறு மடிப்பையும் ஒதுக்கிவிட்டேன்! மனைவி தோபிலேயை மூன்று முறை கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவது முறை வரவில்லை.

ஆகஸ்ட் 11

மகள் நோக்வாசியைப் பெண் கேட்டு 24ஆம் தேதி வருகிறார்கள். பையன் லுவாண்டிலே துறைமுகத்தில் பொறியாளர். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் பக்கம் பேச வருகிறவர் யார் என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பையனின் தாய்மாமன். கூமெடே.

ஊரில் வேறு வாயே இல்லையா?

"நீங்க என்ன அவரு மூஞ்சியப் பாக்கவா போறீங்க, நோக்வாசி அப்பா?" என்றாள் தோபிலே. "பேச்சு முடியிறவரைக்கும் பொண்ணப் பெத்தவரு தலையக் காட்டக் கூடாது. உங்க கோவத்துக்குன்னே பெரியவங்க முறை வச்சிருக்காங்க."

முடியாது என்று நான் சொன்னால் முடியாதுதான். நோக்வாசி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இரண்டு கரண்டி, கேட்காமலே.

சொல்லவில்லை. இன்னும்.

ஆகஸ்ட் 15

இரண்டு நாளாகத் தென்மேற்குக் காற்று. கடற்கரையில் பாதி எங்கள் வராந்தாவில். கதவு நான்காவது மடிப்போடு நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்ட் 17

மோசம். எண்ணெயில் மணல் ஒட்டி, கறுப்புக் களியாகி, சக்கரங்களைக் கவ்விக்கொண்டது. ஒரு சாண்தான் திறக்கிறது. யார் ஊற்றிய எண்ணெய்? நான் ஊற்றியது. இரண்டு பட்டம் வேறு.

"சம்மதம்னு சொன்னதும் ரெண்டு குடும்பமும் குலவை போட்டு ஆடணும்," என்கிறாள் தோபிலே. "ஒரு சாண் வழியா எப்படி ஆடுறது? ஆளுக்கொரு காலா?"

ஆகஸ்ட் 23

கதவுக்காரர் செப்டம்பரில்தான் வருவாராம். ஆட இடம் வேண்டுமென்று தோபிலே கூடத்தைக் காலி செய்து சோபா, அலமாரி எல்லாவற்றையும் முன்வாசல் நடையில் அடைத்துவிட்டாள். இனி வழி கண்ணாடிக் கதவு, இல்லாவிட்டால் சமையலறை. சமையலறை வழியாகவா சம்பந்தம் நுழைவது? என் தம்பி முஸிதான் நாளை எங்கள் பக்கம் பேசுகிறான். கதவு விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 24

காலை ஆறு மணிக்கு வெளிக்கேட்டில் கூமெடேயின் குரல். முறைப்படி எங்கள் முன்னோர் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டான். என் பாட்டனுக்குப் பாட்டன் வரை, ஒரு பெயர் விடாமல். அதை எப்போது கற்றான்?

முறைக்கு ஒரு மணி நேரம் காக்கவைத்தோம். கதவுக்காக இன்னொரு மணி நேரம். பிறகு வேறு வழியில்லாமல் முஸி அவர்களை வராந்தாவுக்குக் கூட்டிவந்தான். நான் திரைக்குப் பின்னால். கண்ணாடி வீட்டில் ஒளிவது எவ்வளவு கஷ்டம்!

கூமெடே தடத்தைக் குனிந்து பார்த்தான். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். மண்டியிட்டான்.

"எண்ணெய் ஊத்துன மகராசன் யாரு?"

"வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. வெளிய வரக் கூடாது," என்றான் முஸி, பாவி.

"அவரு வர வேணாம். வெந்நீரும் சோப்பும் ஒரு பழைய டூத்பிரஷும் வந்தா போதும்."

ஒரு சாண் இடைவெளியில் நீட்டினேன். அவன் நிமிரவேயில்லை. "இந்தக் கை யாரோடதுன்னு நான் பாக்கல," என்று வாங்கிக்கொண்டான். தேய்த்துக்கொண்டே தடத்திடம் பேசினான்: "உனக்கு எண்ணெயே ஆகாதுப்பா. மண்ணக் கூட்டி, கழுவி, காயவிட்டாப் போதும். கீழ தண்ணி போக மூணு ஓட்டை இருக்கு, அதக் குத்திவிடணும். இதெல்லாம் கணக்குல சொல்லித் தர மாட்டாங்க."

"கணக்குல ஓட்டை இருக்காது."

சொன்னது நான்தான். ஒன்பது வருடத்தில் முதல் சொல்.

கூமெடே தோள் குலுங்கச் சிரித்தான். அவன் மூச்சு கண்ணாடியில் படிந்தது. பழக்கதோஷத்தில் என் பக்கம் துடைத்தேன், போகவில்லை.

ஒன்பது மணிக்கு ஆறு மடிப்பும் ஒதுங்கின. உள் அறைக்கு ஓடினேன். மதியம் முஸி வந்தான். "அண்ணே, கடைசியா என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லு."

குலவைச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு முறைப்படி என்னை அழைத்துப்போய்க் கை குலுக்கவைத்தார்கள். இரண்டு கையிலும் அந்தத் தடத்துக் களியின் கறுப்பு.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலை முழுவதும் கதவு வேலை. தடத்தைக் கூட்டி, கழுவி, ஓட்டைகளைக் குத்திவிட்டேன். எண்ணெய் இல்லை. மதியம் கூமெடே வீட்டுக்குப் போனேன்; அங்கே நான்கே மடிப்புதான், ஆனால் கண்ணாடி படு அழுக்கு. மரவேலைக்காரருக்குக் கண்ணாடி துடைக்கத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே சொன்னேன். செய்தித்தாள் நானே கொண்டுபோயிருந்தேன், படம் இல்லாத பக்கமாகப் பார்த்து.

மன்னிக்கவில்லை. ஆனால் இஞ்சி பீர் அவர் நன்றாகப் போடுகிறார். நேர்மைக்காக அதையும் எழுதிவைக்கிறேன்.