இருபது விநாடி வெளிச்சம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதிதான் உண்மை. அத்தானுக்குக் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார், ஒன்றிரண்டு தப்பான துளையில்.

போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு வாய் கட்டிவிடுகிறது. அதனால்தான் கடிதம். அத்தானைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆய்வக வேலையை விடுவதாக மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதற்கு முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன்.

அத்தானுக்கு மயக்க நோய் எதுவும் இல்லை அக்கா. அவர் மாடிப்படியில் விழுந்ததற்கு நான்தான் காரணம்.

நம் கட்டடத்தின் மாடிப்படிக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானாக எரிந்து, தானாக அணையும் விளக்குகள் அவை. முதலில் இரண்டு நிமிடம் எரிந்தன. மின்சிக்கனச் சான்றிதழுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. பராமரிப்பு என் பொறுப்பு. இரண்டு நிமிடத்தை இருபது விநாடியாக்கினேன். என் காலால் ஏறி இறங்கிப் பார்த்தேன், போதுமாக இருந்தது. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக இறங்குகிறவரின் காலால் பார்க்கவில்லை. சான்றிதழ் வந்தது, மாலை போட்டார்கள், உனக்குப் படம்கூட அனுப்பினேன்.

'படியில் நடப்போம், மின்சாரம் சேமிப்போம்' என்று நான் ஒட்டிய அட்டையை மதித்து லிஃப்டில் ஏறாதவர் இந்தக் கட்டடத்திலேயே அத்தான் ஒருவர்தான். கேட்டால், "மச்சான் எழுதினது, நாமளே மீறலாமா?" என்பாராம்.

அன்று காலை பதினொன்றே முக்காலுக்கு இரண்டு மாடிகளுக்கு நடுவில் விளக்கு அணைந்திருக்கிறது. மாடிக்கு ஒன்றாக இருக்கும் கருவியின் கண்ணில் அவர் படவில்லை. விழுந்த சத்தம் கேட்டுக் காவலாளி படிக்கட்டுக் கதவைத் திறந்ததும் திரும்ப எரிந்துவிட்டதால் இருட்டை யாருமே பார்க்கவில்லை. டாக்டரிடம் அத்தான், "திடீர்னு கண்ணு இருட்டிடுச்சு" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். கம்ப்யூட்டரில் விளக்கு அணைந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு தலைக்கு ஸ்கேன், இதயத்துக்குச் சோதனை, தூக்கம் வரவழைக்கிற மாத்திரை, தனியாக வெளியே போகக் கூடாது என்ற தடை. ஆறு வாரம் அந்த மனிதர் நாற்காலியிலேயே கிடந்தார். பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, எழுத்து தெரிகிறதா என்று தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டார். நான் செய்ததெல்லாம், அன்று சாயங்காலமே சத்தமில்லாமல் நேரத்தைத் திரும்ப இரண்டு நிமிடமாக்கியதுதான். திருடன் பொருளைத் திரும்ப வைப்பது மாதிரி.

நீ வேலையை விடப்போகிறாய் என்று கேட்ட பிறகு சாப்பாடு இறங்கவில்லை. நேற்று அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டார். "மின்சாரத்த மிச்சம் பிடிக்கச் சொன்னா, என்னையே அணைக்கப் பாத்தியேடா!" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலை டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். மாத்திரையை நிறுத்திவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சான்றிதழ் போனால் போகட்டும், வேலை போனாலும் சரி. படிகளில் எப்போதும் அணையாத சின்ன விளக்குகள் பொருத்த ஆள் வந்திருக்கிறது. மின்சாரம் அதிகம் தின்னாது. முதலிலேயே செய்திருக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்க மனம் வரவில்லை. நான் கிளம்பும்போது அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காகிட்ட இப்ப சொல்லாத. வர்றேன்னு சொல்லியிருக்கா, வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அவருக்குச் செய்யும் இரண்டாவது துரோகம் இது. உன்னிடம் உண்மையை மறைத்து உன் வேலையைப் பறிக்க என்னால் முடியாது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேச மாட்டேன் என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். நோய் என்று நம்பி மட்டும் வேலையை விட்டுவிடாதே. ஆனால், பத்து நாள் லீவாவது போட்டுவிட்டு ஒரு தடவை வா, அக்கா. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இருந்தாலும் வா.

உன் காலில் விழுந்து கேட்கும்,
தம்பி