பிரேஸ் போட்ட மணிக்கணக்கு

பிப்ரவரி 9
மகளுக்கு இன்று பிரேஸ் வந்தது, முதுகை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம். முதுகுத்தண்டின் வளைவு 31 டிகிரி. நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆபரேஷன். தாண்டாமல் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. உடம்பைப் பல்லாயிரம் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. மற்ற பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர். “தினமும் எத்தனை மணி நேரம் போட்டான்னு சரியா எழுதிக் குடுங்கம்மா. அதை வெச்சுத்தான் அடுத்ததை டிசைன் பண்ணும்” என்றாள் இன்ஜினியர் பெண். சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட எழுதி வைக்கிறவளிடமா சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 10
20 மணி நேரம். டாக்டர் சொன்னது அவ்வளவுதான்.

மார்ச் 2
“கம்ப்யூட்டருக்கு முதுகு இருக்காம்மா? ஒரு நாள் போட்டுப் பாக்கச் சொல்லு” என்றாள் மகள். சிரித்தோம். பிறகு அழுதாள். ஒரு மணி நேரம் கழற்றிவிட்டேன். நோட்டில் 20 என்றே எழுதினேன். ஆண்டவனுக்குத் தெரியும்.

ஏப்ரல் 17
பள்ளி விட்டு வந்ததும் கழற்றுகிறேன். படுக்கும்போதுதான் மாட்டுகிறேன். 20.

ஜூன் 21
38 டிகிரி. “இருபது மணி நேரம் போட்டும் ஏறுதுன்னா அழுத்தம் பத்தலை. கூட்டச் சொல்லுது” என்றாள் இன்ஜினியர். உண்மை வாய் வரை வந்தது. “இவ கணக்குல ஒரு நிமிஷம் தப்பாது” என்று பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

ஜூலை 6
புது பிரேஸ் விலாவில் தோலை உரித்துவிட்டது. என் பொய்க்கு அளவெடுத்துச் செய்தது. கிட்டே கொண்டுபோனாலே நடுங்குகிறாள்.

ஜூலை 7
சாமி முன்னால் உட்கார்ந்தேன். சாமிகிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஜூலை 8
இன்ஜினியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “கம்ப்யூட்டர் உங்க நோட்டை அப்படியே நம்புச்சும்மா. நானும்தான்” என்றாள். வேறு பிரேஸ் செய்து தருவாள். ஆனால் வளரும் வயசு, போன மாதங்கள் போனதுதான்.

நவம்பர் 12
47 டிகிரி. ஆபரேஷன்தான். விஷயம் தெரிந்து அவர் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 3
ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள். இன்ஜினியர் போன் செய்தாள். தப்பான பதிவிலிருந்து கம்ப்யூட்டர் பழகினால் மற்ற பிள்ளைகளுக்கும் தப்பாகிவிடுமாம். “அழிச்சிடவாம்மா, இல்ல திருத்தித் தர்றீங்களா?” திருத்துகிறேன் என்றேன்.

மகள் படுத்தபடியே நினைவுபடுத்திச் சொல்ல, நான் நோட்டில் அடித்து எழுதுகிறேன். மார்ச் 19க்கு நான் பதினாறு என்றேன்.

“இல்லம்மா, பதினொண்ணு. அன்னிக்குக் காய்ச்சல். நீ கழட்டிட்டு முதுகைத் தடவிக்கிட்டே இருந்தே. நல்லா இருந்துச்சு.”

11 என்று எழுதினேன்.