போதும் மாமா

ஒரத்தநாடு,
3.2.2025

அன்புள்ள நஃபீசா,

நான் நலம். உன் தொண்டை நலமா? பயிற்சி வகுப்பில் நீ "ஊது, ஊது, விடாதே"ன்னு போட்ட சத்தத்துக்கு நாகப்பட்டினத்துப் படகெல்லாம் கரை திரும்பியிருக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதெல்லாம் நடக்காது, தாயே. நுரையீரலைச் சோதிக்கும் கருவியில் ஊதச் சொன்னால், பெரியவர்கள் வெற்றிலை வாயோடு வந்து பாயசம் ஆற்றுகிறார்கள். மூக்கில் கிளிப் மாட்டினால் கௌரவம் போய்விடுகிறது.

ஒரு நல்ல செய்தி. அரிசி மில்லில் காலமெல்லாம் தவிட்டுத் தூசி தின்ற என் மாமனாருக்கும் எடுத்தேன். நார்மல்! கேசரி கிண்டிவிட்டேன். கருவி வரைந்து தந்த கோடு போனில் படமெடுத்தால் மங்குகிறது, தாளையே அனுப்புகிறேன். பார்த்துவிட்டு என் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடு.

உன்,
செந்தாமரை
(நர்ஸ் என்று ஊர் நம்பும் ஒருத்தி)

நாகப்பட்டினம்,
10.2.2025

செந்தாமரைக்கு ஸலாம்.

கேசரியைத் திருப்பி வாங்கு. கோடு பாதியில் பட்டென்று அறுந்து நிற்கிறது. ஆறு நொடியாவது, உள்ளே மூச்சு தீரும்வரை ஊதினால்தான் அடைப்பு தெரியும். பாதியில் விட்டால் நோயாளிகூட நார்மலாகத் தெரிவார். "போதும் மாமா" என்றாயா இல்லையா? மறுபடி எடு. அதுவரை கையெழுத்து கிடையாது.

நஃபீசா

ஒரத்தநாடு,
17.2.2025

நஃபீசா அம்மையார் அவர்களுக்கு,

சொன்னேன்தான். கண் பிதுங்கி நிற்கிற மனுஷரிடம் வேறென்ன சொல்வது? இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. இப்போது மறுபடி ஊதக் கூப்பிட்டால், "நார்மல்னு நீதானேம்மா சொன்னே?" என்கிறார். அந்தத் தெம்பில், விட்டிருந்த மில் வேலைக்கே திரும்பிவிட்டார்! வரும்போது இருமலையும் கூட்டி வருகிறார். என் வீட்டுக்காரர் அண்ணாதுரையோ, "எங்கப்பாவையே அதட்டுவியா?" என்கிறார். உனக்கென்ன, பேனாவை மூடிவைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய்.

செந்தாமரை

ஒரத்தநாடு,
3.3.2025

அடி நஃபீசா,

கத்திவிட்டேன். சத்து மாத்திரை தருகிறார்கள் என்று பொய் சொல்லி வரவழைத்தேன். "ஊதுங்க! இன்னும்! நிறுத்தக் கூடாது மாமா, ஊதுங்க!" வெளியே ஊசிக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கோடு முழுசாக வந்தது. நார்மல் இல்லை. கேசரியும் இல்லை.

டாக்டர் மில்லுக்குப் போகக்கூடாதென்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். மாமா என்னோடு பேசுவதில்லை. "அண்ணாதுரை, குழம்புல உப்பில்லைன்னு அந்த நர்ஸம்மாகிட்ட சொல்லு" என்கிறார். பரிமாறிக்கொண்டிருப்பதே நான்தான்.

கையெழுத்தை இப்போதைக்கு நீயே வைத்துக்கொள், என் வேலை இன்னும் முடியவில்லை. நேற்று எட்டிப் பார்த்தேன். மாமா இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சாமல் மருந்தில் பாதியைக் காற்றுக்குக் கொடுக்கிறார். மறுபடியும் கத்த வேண்டும். தொண்டை சரியாகட்டும்.

செந்தாமரை