வலுசர்ப்பத்துக்கு ஒரு சாட்சி

அன்புள்ள நைனாவுக்கு,

இன்று எனக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது! பக்தியோடு மாயக்கதை எழுதி, வாரந்தோறும் கூடி ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டிய ஆங்கில எழுத்தாளர்களைப் பற்றிய அதே ஆய்வுதான். பிசாசின் புத்தகங்கள் என்று நீங்கள் தெருவில் எறிந்தீர்களே, அவை இவர்கள் எழுதியவைதான்.

வாய்மொழித் தேர்வில், அந்தக் கதைகளின் டிராகன்கள், அதாவது நம் வேதம் சொல்லும் வலுசர்ப்பங்கள், எங்கிருந்தெல்லாம் வந்தன என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். முடிந்ததும், வந்திருப்பவர்கள் யாரும் பேசலாம் என்றார் தேர்வாளர். கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தார். பூந்தமல்லிக்குத் துணி எடுக்கப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நம் சபையைப் போல இங்கேயும் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். முக்காடு போட்டுக்கொண்டார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இவ சின்னப் புள்ளயா இருக்கசொல்ல, வேதத்துல வர்ற வலுசர்ப்பத்த இவ நைனாதான் படிச்சுக் காட்டுவாரு. துண்ட வாலு மாதிரி சுத்திகினே படிப்பாரு. 'இன்னொரு வாட்டி நைனா'ன்னு இவ குதிப்பா."

அரங்கமே கைதட்டியது. தேர்வாளர் சிரித்துக்கொண்டே, "இந்தத் தாக்கம் ஆய்வேட்டில் இல்லையேம்மா" என்றார்.

அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுகிறேன். வாசலை மிதிக்காதே என்று நீங்கள் சொன்னது இருக்கட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்ணூர்பேட்டைக்கு வருகிறேன். அந்தத் துண்டை எடுத்துவையுங்கள்.

உங்கள் மகள்,
டாக்டர்